அம்மா இல்லாத வீட்டில் வருஷப்பிறப்பு: எதை விடலாம், எதை விடக்கூடாது?

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். மட்டக்களப்பு நகரத்தில் வாடகை வீடு, கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். அம்மா தவறி ஒன்றரை வருடம். போன சித்திரைக்குத் துக்க வருடம் என்று ஒன்றும் செய்யவில்லை. இந்தமுறை செய்ய வேண்டும், ஆனால் இவ்வளவு காலமும் எல்லாவற்றையும் அம்மாவே பார்த்துக்கொண்டதால் ஒழுங்கு தெரியாது என்கிறீர்கள். பஞ்சாங்கம் இரண்டு நேரம் சொல்கிறதே, எதைப் பிடிப்பது? நேரம் சாமத்தில் வந்தால் பிள்ளைகளை எழுப்ப வேண்டுமா? தலையில் வைத்து முழுகும் மூலிகை மருத்து நீரை வீட்டில் காய்ச்சலாமா? மூத்தவர் கையால் காசு கொடுக்கும் கைவிசேடத்தை, பெரியவர்கள் இல்லாத வீட்டில் யார் கொடுப்பது? அம்மாவின் பயற்றம் பணியாரத்துக்கு அளவு என்ன? இப்படி ஐந்து கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ நீங்கள் எழுதாத ஆறாவது ஒன்றுதான் பெரிதாகக் கேட்கிறது: இதில் ஏதாவது பிசகினால் குற்றம் வந்துவிடுமோ என்ற பயம். அதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வராது. நேரம் அரை மணி பிந்தியதற்காகவோ பூ ஒன்று குறைந்ததற்காகவோ ஒரு குடும்பமும் கெட்டதை நான் காணவில்லை.

நான் யார் என்றும் சொல்ல வேண்டும். ஐயர் வீட்டுப் பிள்ளை இல்லை, சோதிடம் படித்ததில்லை. மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள், களுவாஞ்சிகுடிப் பக்கம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா வீடு கடைசி மகளான எனக்கு வந்தபோது வருஷப்பிறப்பும் கூடவே வந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக அக்காமாரும் மச்சான்மாரும் பிள்ளைகளும் இங்கேதான் வந்து இறங்குகிறார்கள். ஆகவே அடுப்படி விஷயத்தில் நான் சொல்வதைத் தைரியமாக நம்பலாம். பஞ்சாங்க விஷயம் நான் வாசித்தும் கணக்குப் போட்டும் பார்த்தது. கிரியை சம்பந்தமான நுணுக்கம் என்றால் உங்கள் கோயில் குருக்களிடமே கேளுங்கள், அவர் சொல்வதே முடிவு.

இந்த நாளில் விடக்கூடாதவை மூன்று. மருத்து நீர் வைத்து முழுகுவது, புதுப்பானை ஏற்றிப் பொங்குவது, கைவிசேடம் வாங்குவது. இந்த மூன்றும் எங்கள் ஊர்களில் சைவ வீடு எதிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும். மற்றதெல்லாம், கோலம் எப்படி, எந்தப் பலகாரம், பகல் சாப்பாடு என்ன, யார் வீட்டுக்கு முதலில் போவது என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு வேறு. உங்கள் அம்மா கட்டாயம் என்று சொல்லிச் செய்தவற்றில் பாதி அவவுடைய அம்மாவின் பழக்கமாகத்தான் இருக்கும்.

சரி, நேரத்துக்கு வருவோம். நம்மிடம் இருப்பவை வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும். சூரியன் மேட ராசிக்குள் நுழையும் கணம்தான் வருஷப்பிறப்பு என்பதில் இரண்டுக்கும் சண்டை இல்லை. அந்தக் கணம் எப்போது என்பதில்தான் வித்தியாசம். வாக்கியம் பழைய வாய்பாட்டு வாக்கியங்களின்படி கணக்கிடுகிறது. திருக்கணிதம் பிற்கால வான அவதானிப்பை வைத்துத் திருத்தப்பட்டது. அண்மை வருடங்களில் இரண்டுக்கும் இடைவெளி ஒரு மணித்தியாலத்துக்குள்தான். இதில் எது சரி என்று நம்மால் தீர்க்க முடியாது, தீர்க்கத் தேவையும் இல்லை. நீங்கள் போகும் கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அதைப் பிடியுங்கள். அங்கேதானே மருத்து நீரும் வாங்கப் போகிறீர்கள்.

இன்னுமொரு கணக்கு இருக்கிறது, இதைத் தெரிந்துகொண்டால் பதற்றம் பாதி குறையும். முழுக வேண்டியது அந்தக் கணத்தில் அல்ல, விஷு புண்ணியகாலத்துக்குள். வருஷம் பிறப்பதற்கு முன் 10 நாழிகை, பின் 10 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம், ஆகவே முன்னால் 4 மணி, பின்னால் 4 மணி, மொத்தம் 8 மணித்தியாலம். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் ஒரு மணி வித்தியாசம் என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டுக்கும் பொதுவாக 7 மணித்தியாலம் கிடைக்கிறது. அதற்குள் முழுகினால் வாக்கியக்காரரும் திருக்கணிதக்காரரும் ஒரே நேரத்தில் சந்தோஷப்படுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு மச்சான் வாக்கியம், மற்றவர் திருக்கணிதம். இந்தக் கணக்கைச் சொல்லித்தான் ஒருமுறை பெரிய வாக்குவாதத்தை நிறுத்தினேன்.

நேரம் ஏன் வருடா வருடம் ஓடித் திரிகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். சூரியன் ஒரு சுற்று முடிக்க 365 நாளும் ஏறக்குறைய 6 மணி 12 நிமிடமும் ஆகிறது. அந்த ஆறு மணிச் சொச்சம்தான் ஒவ்வொரு வருடமும் நேரத்தைப் பின்னால் தள்ளுகிறது. தொலைக்காட்சியில் சொன்ன சிங்கள சுபநேரங்களை வைத்தே பார்க்கலாம்: 2022இல் காலை 8.41, 2023இல் பிற்பகல் 2.59, 2024இல் இரவு 9.05, 2025இல் அதிகாலை 3.21. காலை, பின்னேரம், இரவு, சாமம் என்று போய், 2026இல் மறுபடி காலைக்கு வருகிறது. 2024இல் பெப்ரவரி 29 என்று ஒரு நாள் கூடியதால்தான் அந்த வருடம் ஏப்ரல் 13ஆம் திகதி இரவே வருஷம் பிறந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைக் கொப்பியில் எழுதிக் காட்டலாம், விளங்கும்.

சாமத்தில் வந்தால் என்ன செய்வது? இங்கேயும் அந்த எட்டு மணித்தியாலம்தான் கைகொடுக்கும். அதிகாலை 3.21க்குப் பிறந்தால் புண்ணியகாலம் காலை 7.21 மட்டும் இருக்கிறது. ஆறு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பித் தலையில் வைத்து முழுகவார்த்தால் போதும். இரவு 9.05க்குப் பிறந்தால் பின்னேரம் 5.05க்கே தொடங்கிவிடுகிறது, விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே பிள்ளைகளை முடித்துவிடலாம். நடுச்சாமத்தில் ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கத்தால் எழுப்பிக் குளிர் தண்ணி வார்ப்பதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். தடிமன் பிடித்த பிள்ளைக்கு உச்சியில் ஒரு சொட்டு வைத்து, இளஞ்சூட்டுத் தண்ணியில் உடம்பைக் கழுவிவிட்டால் போதும்.

தொலைக்காட்சியைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர், அம்பாறைப் பக்கம் இன்னும் கூட. சிங்கள வழக்கில் புண்ணியகாலம் முன்னும் பின்னும் 16 நாழிகை, அதாவது 6 மணி 24 நிமிடம் வீதம், மொத்தம் 12 மணி 48 நிமிடம். அதில் வருஷம் பிறக்கும்வரையான முதற் பாதியில் அடுப்பு மூட்டுவதில்லை, சமைப்பதில்லை, வேலை தொடுவதில்லை. நோனகதே என்பார்கள். வருஷம் பிறந்த பிறகு குறித்த சுபநேரத்தில், குறித்த திசை பார்த்து அடுப்பு மூட்டிப் பால் பொங்க வைப்பார்கள். அழகான வழக்கம்தான். ஆனால் அது அவர்களுடையது. நம் புண்ணியகாலம் முழுகுவதற்கும் வழிபாட்டுக்கும் உரியது, அடுப்பை அணைத்து வைக்கும் நேரம் இல்லை. பக்கத்து வீட்டில் சிங்களக் குடும்பம் இருந்தால் அந்த நேரத்தில் அவர்களிடம் நெருப்பெட்டி கேட்டுப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

மருத்து நீர். கோயிலில் கிடைக்கும்போது வீட்டில் காய்ச்ச வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒரு செம்பு, இல்லாவிட்டால் ஒரு போத்தல் கொண்டு முதல் நாளே விசாரித்துவிட்டுப் போங்கள். முறைப்படி அதில் சேர்வன தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பீர்க்கு, பால், கோசலம், கோமயம், கோரோசனை, மஞ்சள், சுக்கு, மிளகு, திப்பிலி என்று நீளும். நகரத்து வாடகை வீட்டில் இதையெல்லாம் தேடித் திரிய முடியாது. கோயிலுக்குப் போக முடியாத நிலை என்றால், துளசி, அறுகு, வில்வம், ஒரு துண்டு மஞ்சள், ஒரு துண்டு சுக்கு, கிடைத்தால் மாதுளம்பூவோ தாமரையிதழோ, இவற்றைக் கழுவி மூடிய பாத்திரத்தில் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வடித்து, கடைசியில் ஒரு கரண்டி பால் விட்டுக்கொள்ளுங்கள். இதை மருத்து நீர் என்று குருக்கள் ஒப்புவாரோ தெரியாது, குழந்தைகள் ஒப்புவார்கள். மிளகு போட்டால் நன்றாக வடியுங்கள், கண்ணில் பட்டால் அன்றைய நாள் முழுக்க அழுகைதான். பூசைக்குக் கொளுத்தும் கற்பூரத்தை இதில் போடவே கூடாது. அது வேறு, பச்சைக் கற்பூரம் வேறு.

வைக்கும் முறை: கிழக்குப் பார்த்து நிற்கவோ இருக்கவோ விட்டு, தலைக்கு மேல் ஒரு இலை, காலுக்குக் கீழ் ஒரு இலை வைத்து, பெரியவர் ஒருவர் உச்சியில் தேய்ப்பார். என்ன இலை என்பது அந்தந்த வருடப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும். கொன்றை, வேம்பு, புங்கு, கடம்பு என்று மாறி மாறி வரும். வேம்பு வந்த வருடம் நிம்மதி, மற்ற இலைகளுக்கு முதல் நாளே ஆள் அனுப்ப வேண்டும். உடுப்பு நிறமும் அப்படித்தான் போட்டிருக்கும். அதற்காக நாலு பேருக்கும் அதே நிறத்தில் வாங்கச் செலவழிக்காதீர்கள். பிள்ளைகளுக்குப் புது உடுப்பு, பெரியவர்களுக்குத் தோய்த்து மடித்த நல்ல உடுப்பு, போதும்.

போத்தல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு வருடம் மருத்து நீரைச் சோடாப் போத்தலில் வாங்கி வந்து, கெட்டுப்போகும் என்று குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டேன். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த மாமா ஒருவர், கேட்காமலே திறந்து, நின்ற நிலையில் முக்கால் போத்தல் குடித்துவிட்டார். "என்ன மனே, இந்தச் சோடா ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வருடம் எட்டுப் பேர் மிச்சக் கால் போத்தலில் முழுகினோம். போத்தலில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

பொங்கல் சுலபம், ஆனால் பிழைக்கிற இடம் ஒன்று உண்டு. ஒரு சுண்டு (அரிசி அளக்கும் சிறு பேணி) பச்சையரிசி, கால் சுண்டு வறுத்துத் தோல் நீக்கிய பயறு, ஒரு தேங்காயின் பால், முக்கால் சுண்டு அளவு சர்க்கரை, ஏலம், கஜு, முந்திரிகை வற்றல். நாலு பேருக்கும் அயல் வீடு இரண்டுக்கும் காணும். முதலில் இரண்டாம் பாலும் தண்ணியும் விட்டுக் கொதித்துப் பொங்கட்டும், பிறகு அரிசியும் பயறும். அரிசி விரலால் நசுக்கினால் முழுதாக மசிய வேண்டும், அதற்குப் பிறகுதான் சர்க்கரை. முந்திப் போட்டால் அரிசி விறைத்துப்போகும், பிறகு எவ்வளவு அவித்தாலும் அவியாது. சர்க்கரையைக் கொஞ்சத் தண்ணியில் கரைத்து வடித்துவிடுங்கள், மண் இல்லாத சர்க்கரையை நான் கண்டதில்லை. முதற்பாலைக் கடைசியில் விட்டு, ஒரு கொதியுடன் இறக்கிவிட வேண்டும். முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பொங்க முடியாவிட்டால் காஸ் அடுப்பில் பொங்குங்கள். புது மண்பானையைக் காஸில் ஏற்றுவதென்றால் முதல் நாள் முழுக்கத் தண்ணியில் ஊறவிட்டு, சிறு தீயில் தொடங்குங்கள். பால் எந்தப் பக்கம் வழிந்தது என்று பார்ப்பது எங்கள் வீட்டிலும் உண்டு. வழியாவிட்டால் எங்கள் அம்மா அகப்பையால் ஒரு தட்டுத் தட்டி வழிய வைப்பா. அதைப் பெரியவர்கள் எல்லோரும் பார்த்தும் பாராதமாதிரி இருப்பார்கள்.

ஒரு விஷயம் இடையில். தைப்பொங்கல் மழைக்குள்ளும் வெள்ளத்துக்குள்ளும் வரும் எங்கள் பக்கத்தில், பெரும்போக வெட்டு முடிவது மாசி, பங்குனியில்தான். ஆகவே சித்திரையில்தான் வீட்டில் உண்மையாகவே புது நெல் இருக்கும், கையில் காசும் இருக்கும். அம்பாறை, மட்டக்களப்பு வயல்காரர் வீடுகளில் வருஷப்பிறப்பு இவ்வளவு பெரிதாக நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். முடிந்தால் படுவான்கரைப் பக்கத்துச் சொந்தக்காரர் யாரிடமாவது இரண்டு கொத்துப் புது அரிசி வாங்குங்கள். புது அரிசி தண்ணி குறைவாகத்தான் இழுக்கும், அதைக் கவனித்து வையுங்கள்.

கைவிசேடம் பற்றிய கேள்வியில்தான் உங்கள் மனம் கனத்துக் கிடப்பது தெரிகிறது. வீட்டில் மூத்தவர் கொடுக்க வேண்டும் என்பதே வழக்கம். வெற்றிலை, பாக்கு, கொஞ்சம் நெல், ஒரு துண்டு மஞ்சள், ஒரு நாணயம் அல்லது புதுத் தாள், தட்டத்தில் வைத்துக் கொடுப்பது. பஞ்சாங்கத்தில் அதற்குப் பல நேரங்கள் போட்டிருக்கும், உங்களுக்கு ஏற்ற ஒன்றை எடுங்கள். உங்கள் வீட்டில் மூத்தவர் இப்போது நீங்கள் இருவரும்தான். கணவர் உங்களுக்குக் கொடுக்கலாம், இருவரும் சேர்ந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதோடு நிற்கமாட்டேன். எங்கள் ஊர்களில் அம்மாவின் சகோதரிகள் பெரும்பாலும் ஒரே ஊரில், பல இடங்களில் ஒரே வளவில் இருப்பார்கள். பெரியம்மாவோ சின்னம்மாவோ இருந்தால், பொங்கி முடித்த கையோடு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் அவவின் கையால் வாங்குங்கள். அம்மா இருந்த காலத்தில் அவதான் உங்கள் வீட்டுக்கு வந்திருப்பா, இப்போது நீங்கள் போகிறீர்கள். எவ்வளவு என்பது முக்கியமில்லை. அந்தக் காசைச் செலவழிக்காமல் உண்டியலில் போட்டு வைக்கிறதுதான் எங்கள் பழக்கம். என் மகன் ஒருமுறை அன்றே கொண்டுபோய் ஐஸ்கிறீம் வாங்கிவிட்டான். அவன் இப்போது நன்றாகத்தான் உழைக்கிறான்.

கணவர் கைவியளம் என்று சொல்வார், நீங்கள் கைவிசேடம் என்பீர்கள், இரண்டும் ஒன்றுதான். எந்த வீட்டு முறை என்று இரண்டு பேரும் இழுபடாதீர்கள். அடுப்பு உங்களுடையது, அதனால் பொங்கல் உங்கள் அம்மா முறையில் இருக்கட்டும். அவருடைய அம்மா செய்யும் பலகாரம் ஒன்றையும் தட்டில் சேர்த்துவிடுங்கள். பணியாரத்தில் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் அவ்வளவு தூரம் இல்லை.

பஞ்சாங்கத்தில் ஆதாயம், விரயம் என்று ஒவ்வொரு ராசிக்கும் ஒரு பட்டியல் இருக்கும். ஆதாயம் 2, விரயம் 14 என்று கண்டால் சிலர் அன்று முழுக்கச் சோர்ந்துபோவார்கள். இதில் எனக்கு நம்பிக்கை குறைவு, சொல்லிவிடுகிறேன். பார்ப்பதென்றால் பொங்கல் சாப்பிட்ட பிறகு பாருங்கள்.

துக்கம் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். ஆண்டுத் திவசம் முடிந்துவிட்டதால் இந்த வருடம் நீங்கள் செய்வதில் எந்தத் தடையும் இல்லை. துக்க வருடத்திலும் மருத்து நீர் வைத்து முழுகி, பொங்கலையும் பலகாரத்தையும் மட்டும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு, ஒன்றுமே செய்யாதவர்களும் உண்டு. அது குடும்பத்தின் விருப்பம். அம்மாவின் படத்துக்கு முன் முதற் படையலை வைப்பது என் வீட்டுப் பழக்கம், எல்லோரும் செய்வதில்லை. ஆனால் அம்மாவுக்கென்று சித்திரையில் தனியாகவே ஒரு நாள் இருக்கிறது. சித்திராபௌர்ணமி தாயை இழந்தவர்கள் விரதம் இருக்கும் நாள், தந்தைக்கு ஆடி அமாவாசை போல. மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சனம் திரள்வதைப் பார்த்திருப்பீர்கள். சித்திராபௌர்ணமிக்குக் கோயில்களில் சித்திரபுத்திரனார் கதை படித்து, சித்திரைக் கஞ்சி வார்ப்பார்கள். அன்றைக்கு நன்றாக அழலாம். வருஷப்பிறப்பன்று அழுகை வந்தால் அதையும் அடக்க வேண்டாம். பிள்ளைகள் பயந்துபோவார்கள் என்று நினைத்தால், அம்மாவின் நாள் சித்திராபௌர்ணமிக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது உதவியது.

விளையாட்டுப் பக்கம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சறுக்குமரம், முட்டி உடைத்தல், யானைக்குக் கண் வைத்தல் எல்லாம் ஊர்க் கழகங்கள் வைக்கும், கூட்டிப் போங்கள். வாடகை வீட்டில் நல்ல மரம் இருந்தால் ஊஞ்சல் கட்டுங்கள், கிளையை நீங்கள் ஒருமுறை தொங்கிப் பார்த்த பிறகு. போர்த்தேங்காய் அடிக்கக் கணவருக்குத் தெரிந்திருக்கும். கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி எங்காவது நடப்பதாகக் கேள்விப்பட்டால் மட்டும் விட்டுவிடாதீர்கள். வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து, ஒன்றோடொன்று கொளுவிய இரண்டு கொம்புகளை வடம் பூட்டி இழுக்கும், ஒன்று முறியும்வரை. சிங்களவர் பத்தினித் தெய்வத்துக்கு ஆடும் அங்கெலியவும் இதே மாதிரித்தான். இப்போதெல்லாம் அருமையாகத்தான் நடக்கிறது.

அயலுக்குப் பலகாரத் தட்டுக் கொடுக்க மறக்க வேண்டாம். என்னோடு படிப்பித்த காத்தான்குடி ஆசிரியை ஒருவருக்கும் எனக்கும் இருபது வருடமாக ஒரே தட்டுத்தான் போய் வருகிறது. பெருநாளுக்கு வட்டிலப்பத்தோடு வரும், சித்திரைக்குப் பணியாரத்தோடு போகும். வெறும் தட்டைத் திருப்புவதில்லை. 2023, 2024இல் நோன்புப் பெருநாளும் ஏப்ரலிலேயே வந்ததால் தட்டுக்கு ஓய்வே இல்லை.

கடைசியாகப் பயற்றம் பணியாரம். என் அளவைத் தருகிறேன், உங்கள் அம்மாவுடையது இதுதான் என்று சொல்லமாட்டேன். பயறு 500 கிராம், மணம் வரும்வரை சிறு தீயில் வறுத்து, தோல் நீக்கி, மாவாக்க வேண்டும். நல்ல மாவு மென்மையாக இருந்தாலும் விரலில் சற்று நறநறக்க வேண்டும். ஒரு பாதித் தேங்காய் துருவி, பொன்னிறமாக, கையில் எடுத்தால் ஒட்டாத அளவுக்கு வறுக்க வேண்டும். இதில் பொறுமை இல்லாதவர்களுடைய பணியாரம்தான் மூன்றாம் நாள் சிக்கு மணக்கும். ஈரம் நின்றால் பலகாரம் நிற்காது. மிளகு, ஏலம், சீரகம் கொஞ்சம் இடித்துச் சேருங்கள். 400 கிராம் சீனியைப் பாகு காய்ச்சி, விரலுக்கிடையில் நூல் இழுத்ததும் இறக்கி, சூட்டோடு மாவில் விட்டுக் குழைத்து, சூடு தாங்கக்கூடிய கணத்திலேயே உருட்ட வேண்டும். ஆறினால் உதிர்ந்துவிடும். உருட்டினதைத் தட்டையாக்கி ஆறவிட்டு, அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் உப்பும் கரைத்த மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டெடுங்கள். கரைசல் கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும் பதத்தில் இருக்க வேண்டும். தண்ணியாக இருந்தால் தோல் கழன்று எண்ணெய் முழுக்க மாவாகும். உருட்டும் வேலையை ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கொடுங்கள், எண்ணெய்ச் சட்டிக்குக் கிட்ட இரண்டு பேரையும் விடாதீர்கள்.

உங்கள் அம்மாவின் அளவு வேண்டுமென்றால், அது பெரியம்மாவிடம் இருக்கும். ஒரே அம்மாவிடம் பழகிய இரண்டு கைகள். ஆனால் கேட்டால் "கண்ணளவுதான் மகள், ஒரு பிடி, ரெண்டு பிடி" என்பா, அதற்கு மேல் ஒன்றும் வராது. என் அம்மாவும் அப்படித்தான் சொன்னா. கொப்பியும் பேனாவுமாக இரண்டு வருடம் பக்கத்தில் நின்றும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் வருடம் ஒரு சுண்டைக் கொண்டு போனேன். சீனிப் போத்தலுக்குள் கைவிட்டு அள்ளி, சட்டியில் போடப் போகும்போது அந்தக் கைக்குக் கீழே சுண்டைப் பிடித்தேன். "என்னடி இது, பாலுக்கு ஏந்துற மாதிரி" என்று ஏசினா, ஆனால் போட்டா. அவவின் மூன்று பிடிக்கு என் சுண்டு விளிம்பு தட்டி நிறைந்தது. வருஷப்பிறப்புக்கு ஒரு கிழமை முந்தி, பயற்றை வறுத்து எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போங்கள். சுண்டை மறக்காதீர்கள்.